கடவுச்சீட்டில் இரண்டு துளைகள்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, நான்கு ஆண்டுகளாக ஒரு பக்கம்கூடக் கசங்காத கடவுச்சீட்டு ஒன்று செல்லாது என்று சொல்லப்பட்டது. குறை இதுதான்: அதற்கு உரிய பெண்மணி அதனை ஒருமுறையேனும் கையில் வாங்கிப் பார்த்தவர் அல்லர். அவர் செய்யாத பிழைக்கு அவருடைய கப்பல் பயணம் பலியாக இருந்தது. பிழை செய்தது அரசும் அன்று. கப்பல் நிறுவனமும் அன்று. அவரைக் கைப்பிடித்த கணவர்.

கணவர் குடிநீர் வாரிய அலுவலகத்தின் ஆவண அறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் காப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்று ஏழாண்டுகள் ஆகியும் தெருவில் அவருக்குக் காப்பாளர் என்றுதான் பெயர். ஒரு தாள் அவர் கைக்கு வந்துவிட்டால் அதன் விதி முடிவாகிவிடும். மூலைகளைத் தட்டிச் சமன் செய்வார். மடிப்பை நகத்தால் நீவுவார். பக்கவாட்டின் நடுவைக் கண்ணாலேயே அளந்து, துளையிடும் கருவியில் நுழைத்து ஒரே அழுத்து. பிறகு துளைகளில் டேக் கயிற்றைக் கோத்து, மேல்மூலையில் எண் எழுதி, கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். பணி நிறைவு விழாவில் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்கள். ஆவண அறையின் பழைய இரும்புத் துளைக்கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். ஐம்பது தாள்களை ஒரே கடியில் கடிக்கும் கருவி அது.

அந்தக் கருவிதான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மனைவியின் கடவுச்சீட்டையும் கடித்தது. வெளிநாட்டில் இருந்த மகளின் பிரசவத்துக்குப் போக நேரலாம் என்று எடுத்த சீட்டு. மகள் அதற்குள் ஊர் திரும்பிவிட்டாள். சீட்டைத் தபால்காரரிடமிருந்து வாங்கியவர் காப்பாளர். வாங்கிய சூட்டோடு அட்டை முதல் அட்டைவரை இரண்டு துளைகள் இட்டு, 'இல்லத்தாள்' என்று எழுதிய கோப்பில் சேர்த்தவரும் அவரே.

திங்கட்கிழமை அந்தக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் பயண முகவரின் அலுவலகத்துக்குப் போனார். சனிக்கிழமை கப்பல். பயணிகளின் ஆவணங்களை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளும்படி குறுஞ்செய்தி வந்திருந்தது. நிழற்படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றார்கள். காப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. மூலத்தையே கொண்டுபோனார்.

மேசைக்கு அப்பால் இருந்த பெண் டேக்கை அவிழ்க்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று. பிறகு முதல் பக்கத்தைத் திறந்தாள். முகம் மாறியது.

"ஐயா, இது கேன்சல் ஆன பாஸ்போர்ட்."

"கேன்சலா? இன்னும் ஆறு வருஷம் இருக்கேம்மா. தேதியைப் பாரு."

"தேதி இருக்கு. ஓட்டையும் இருக்கே."

"அது ஓட்டை இல்ல. ஃபைல்ல போட்டிருக்கேன்."

அவள் சீட்டை மூடி உயர்த்தி, மேல்துளை வழியாக ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"ஒரு பாஸ்போர்ட்டை ரத்து பண்ணணும்னா ஆபீஸ்ல என்ன செய்வாங்க தெரியுமாங்கய்யா? பஞ்ச் எடுத்து ஒரு ஓட்டை போட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க. அவ்வளவுதான். நீங்க ரெண்டு போட்டிருக்கீங்க."

அவள் மறுபடி படப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். மேல்துளை மனைவியின் படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தது. இடக்காது இருக்க வேண்டிய இடத்தில் மேசையின் பச்சைக் கண்ணாடி தெரிந்தது.

"இப்போ என்ன செய்றது?"

"அவசரத் திட்டம் இருக்குங்கய்யா. குடுக்கிற நாளையும் சேர்த்து மூணு வேலை நாள். இன்னிக்குக் குடுத்தா புதன்கிழமை கைக்கு வந்துடும். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்குக் கப்பல் கேட்டை மூடிடுவாங்க. நிறைய நேரம் இருக்கு, பயப்படாதீங்க. ஆனா அம்மா நேர்ல போகணும். கைரேகை, போட்டோ எல்லாம் எடுப்பாங்க. எப்படிச் சேதமாச்சுன்னு அவங்க கைப்பட எழுதிக் குடுக்கணும்."

"நான் எழுதிக் குடுக்கலாமே? செஞ்சது நான்தானே?"

"செஞ்சது நீங்கதான். பாஸ்போர்ட் அவங்களோடது."

வெளியே வந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் கால்கள் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குத்தான் அவரை இழுத்துக்கொண்டு போயின. வாசற்காவலர் "யாருக்கு?" என்றார். "மனைவிக்கு" என்றார் இவர். "மனைவி எங்கே?" என்றார் அவர். விசாரணை அத்துடன் முடிந்தது.

வீட்டில் மனைவியோ வேறோர் உலகத்தில் இருந்தார். அவரை எல்லாரும் நர்சம்மா என்று அழைப்பார்கள். முப்பத்தோர் ஆண்டுகள் அறுவை அரங்கில் செவிலியாக நின்றவர். அரங்கத்துக்குச் சன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதைக்கூட உள்ளே வரும் நோயாளியின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ஒன்றாகப் பயிற்சி பெற்று ஒரே அரங்கில் வேலை பார்த்த நால்வர், ஓய்வு பெற்றதும் நாலு பக்கமும் ஒன்றுமே மறைக்காத ஓர் இடத்துக்குப் போய் நிற்போம் என்று ஒரு நீண்ட அறுவையின்போது முகமூடிக்குள்ளேயே பேசி முடிவு செய்திருந்தார்கள். நான்கு நாள் சொகுசுக் கப்பல் பயணம் அந்த முடிவின் விளைவு. நால்வரில் நெட்டை என்று பெயர் பெற்றவர் அடுத்த மாதம் மகனோடு வெளிநாட்டிலேயே தங்கப் போகிறார். ஆதலால், நால்வரும் சேர்ந்து போவதென்றால் இந்த ஒரு முறைதான்.

கூடத்தில் பெட்டி வாய்பிளந்து கிடந்தது. நால்வரில் இன்னொருவரான ஊசி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். நரம்பு கிடைக்காத கையிலும் முதல் குத்திலேயே ஊசி ஏற்றிவிடுவார் என்பதனால் வந்த பெயர். நாக்குக்கும் அது பொருந்தும்.

"வாங்க அண்ணே! உங்க ஃபைலைக் கப்பல்காரன் பார்த்து மயங்கி விழுந்தானா இல்லையா?"

"என்னங்க, பாஸ்போர்ட்டைக் காட்டுனீங்களா?" என்றார் நர்சம்மா.

"காட்டினேன்."

"பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

அத்தனையும் உண்மை. அந்த உண்மையைப் போன்ற பொய் வேறில்லை.

"அப்புறம் என்ன, முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?" என்றார் ஊசி. "நாலு நாள் தனியா இருக்கணுமேன்னு இப்பவே அழுகையா? கவலைப்படாதீங்க, உங்க பொண்டாட்டியை நாங்க டேக் போட்டுத்தான் கூட்டிட்டுப் போறோம். தொலைஞ்சு போக மாட்டா."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். காப்பாளர் கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டிய பிறகு இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். அன்று மாலை முழுவதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் குட்டி போட்ட பூனையாக நடந்தார். 'இங்கே பாரு' என்று நான்கு முறை தொடங்கினார். நான்கு முறையும் நர்சம்மா மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தார். காப்பாளர் ஒரு முறை தண்ணீர் கேட்டார். ஒரு முறை மணி கேட்டார். மற்ற இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்றார்.

அந்த அச்சத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். சனிக்கிழமை வீடு வெறிச்சோடிப் போகாது, தேநீரைத் தாமே போட வேண்டியிராது என்று, மிகச் சிறிதாக, ஊசிமுனை அளவுக்கு ஓர் ஆறுதல் அவருக்குள் எட்டிப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் அதை அடித்துத் துரத்தினார். ஆனால், வந்தது வந்ததுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பசையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு உள்ளறையில் அடைந்தார். வெள்ளைத் தாளில் சிறு வட்டம் வெட்டித் துளையில் ஒட்டிப் பார்த்தார். காதில் பஞ்சு வைத்ததுபோல இருந்தது. பிய்த்தெடுத்தார். அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பதிந்துபோன இன்னொரு பழக்கம் அவருக்கு உண்டு. துளைக்கருவியின் வயிற்றில் சேரும் வட்டத் துணுக்குகளை அவர் குப்பையில் போடமாட்டார். அலுவலகத்தில், அவை மின்விசிறிக் காற்றில் பறந்து அறையெங்கும் ஒட்டிக்கொள்கின்றன என்று பெருக்குபவர் சண்டை பிடித்ததிலிருந்து, தகர டப்பாவில் கொட்டி மூடிவைப்பது வழக்கம். வீட்டிலும் அப்படியே. ஏழாண்டுத் துணுக்குகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அவற்றுள் எங்கோ மனைவியின் காது இருந்தது!

தரையில் செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். மின்கட்டண ரசீதின் துணுக்கு, மருத்துவச் சீட்டின் துணுக்கு, வரி நோட்டீசின் துணுக்கு, ஆயிரக்கணக்கில் குவிந்தன. பூதக்கண்ணாடியும் சாமண இடுக்கியுமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். வெள்ளை ஒரு பக்கம், வண்ணம் ஒரு பக்கம், ஐயத்துக்குரியவை ஒரு பக்கம். மதிய உணவுக்குக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றே முக்கால் மணிக்கு, தோல்நிறமும் கருமையும் பாதிப்பாதியாகக் கலந்த ஒரு வட்டம் சாமணத்தில் அகப்பட்டது. காதா, தலைமுடியா? உள்ளங்கையில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது.

"ஐயய்யோ, இப்படி வேர்த்துக் கொட்டுது! ஃபேனைப் போட்டுக்கக் கூடாதா?" என்றபடி நர்சம்மா பொத்தானை அழுத்தினார்.

ஏழாண்டுகளும் ஒருசேர எழும்பின. அறை முழுவதும் வெள்ளையாய்ச் சுழன்றது.

"நிறுத்து! நிறுத்து!" காப்பாளர் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு அலறினார். "உன் காது பறக்குது!"

நர்சம்மா பொத்தானைத் திருப்பினார். துணுக்குகள் ஆடி ஆடி இறங்கி அவருடைய தோளிலும் நரைமுடியிலும் படிந்தன. அவர் கணவரை உற்றுப் பார்த்தார். அறுவைக்கு முன் நோயாளி உளறினால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"என் காதா?"

இனி மென்று விழுங்க ஒன்றுமில்லை. காப்பாளர் சீட்டை எடுத்து நீட்டினார். முகவர் அலுவலகத்துப் பெண் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்தார். நர்சம்மா நாற்காலியில் உட்கார்ந்து, தம்முடைய கடவுச்சீட்டை வாழ்நாளில் முதல் முறையாகக் கையில் வாங்கினார்.

"இதுதானா அது? இவ்வளவு சின்னதா?"

பக்கம் பக்கமாகப் புரட்டினார். படப் பக்கத்துக்கு வந்ததும் துளையின் விளிம்பை விரல்நுனியால் தடவினார்.

"சுத்தமான வெட்டு" என்றார். புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று தெரியாத குரல். பிறகு, "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"நேத்து."

"நேத்து எத்தனை மணிக்கு?"

"பதினொன்னரை."

"இப்போ மணி?"

"நாலு."

"பாஸ்போர்ட் ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

காப்பாளர் தரையைப் பார்த்தார். "நாலுக்கு."

"ஓட்டை போட்டது தெரியாமச் செஞ்சது. அதை விடுங்க. இந்த இருபத்தெட்டரை மணி நேரம்?"

"எப்படியாவது சரி பண்ணிடலாம்னு…"

"ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு பஞ்சு எண்ணிக்கையில குறைஞ்சா, அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லணும். டாக்டர் திட்டுவாரேன்னு வாயை மூடிட்டு இருந்தா, உள்ள கிடக்கிறவங்கதான் சாவாங்க. அதை மறைச்சவங்களை நாங்க யாருமே மன்னிச்சது கிடையாது." அவர் குரல் உயரவில்லை. "நான் போகக் கூடாதுன்னு நினைச்சீங்களா?"

"இல்ல" என்றார். உடனே, "நேத்துச் சாயங்காலம் ஒரு நிமிஷம்" என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

நர்சம்மா தம் தலையில் ஒட்டியிருந்த துணுக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஏதோ ரசீதின் கடைசி எழுத்து. அதைக் கணவரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மாலையில் செய்தி அறிந்து ஓடிவந்த ஊசி, சீட்டைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். "ஏன் அண்ணே, காதுல ஓட்டை போட்டாலாவது கம்மல் மாட்டலாம். காதையே ஓட்டையாக்கிட்டீங்களே!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார், தோழி சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். பிறகு வாசற்படியில் காப்பாளரைத் தனியே மறித்து, "இவ வரலேன்னா நாங்க மூணு பேரும் போகல. சொல்லிட்டேன்" என்றார். விளையாட்டில்லாத குரலில் ஊசி பேசி அவர் அதுவரை கேட்டதில்லை.

புதன்கிழமை, கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கும் முன்பே வரிசையில் கணவரும் மனைவியும் முதலாவதாக நின்றார்கள். இரவெல்லாம் காப்பாளர் மனத்துக்குள் விளக்கக் கடிதத்தைக் கட்டி முடித்திருந்தார். மனைவி எழுத உட்கார்ந்ததும் குனிந்து சொல்லத் தொடங்கினார்: "மேற்படி கடவுச்சீட்டானது, எதிர்பாராத சூழ்நிலையின் காரணமாக…"

"எந்தச் சூழ்நிலை?" என்றார் நர்சம்மா. "நகருங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

தாமே எழுதினார். ஆறு வரி. வழுக்கைத் தலை அலுவலர் ஒருவர் அதை வாங்கி, அருகில் நிற்பவருக்கும் கேட்கும் குரலில் படித்தார்.

"'என் கணவர், வீட்டுக்கு வரும் எல்லாத் தாளையும் துளையிட்டுக் கோப்பில் வைப்பார். இதையும் வைத்தார். இது என்னுடையது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நான்கு ஆண்டுகளாகக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. அது என் தவறு. இனி என்னிடமே இருக்கும்.'" அலுவலர் கண்ணாடிக்கு மேலாகக் காப்பாளரைப் பார்த்தார். "நீங்கதானா சார்?"

"நான்தான். குடிநீர் வாரியத்துல ஆவண அறை."

"அதான் பார்த்தேன். ரெண்டு ஓட்டையும் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

கைரேகையும் படமும் எடுத்து முடித்தபின், அலுவலர் பழைய சீட்டை ரத்து செய்வதற்காகப் பழக்கத்தில் மேசைமேல் இருந்த துளைக்கருவியை இழுத்தார். சீட்டை நுழைக்கப் போனவர் நின்றார். துளைகளைப் பார்த்தார். கருவியைத் திருப்பி வைத்துவிட்டார்.

"எனக்கு வேலையே வைக்கலையே சார் நீங்க!"

நர்சம்மாவின் தோள்கள் குலுங்கின. சிரிப்பு என்று காப்பாளர் முதலில் எண்ணினார். பிறகு உறுதியாக எண்ண முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கூரியர்ல வீட்டுக்கு வரும்" என்றார் அலுவலர். "சனி, ஞாயிறு அவங்களுக்கு லீவு. வெள்ளிக்கிழமை விட்டுட்டா அப்புறம் திங்கள்தான்."

வியாழக்கிழமை என்று ஒரு நாள் உண்டா என்றே காப்பாளருக்கு நினைவில்லை. கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பெட்டி மூடப்படாமலும் நிரப்பப்படாமலும் கூடத்தில் அப்படியே கிடந்தது. நர்சம்மா அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

வெள்ளிக்கிழமை நண்பகல் தாண்டியது. இரண்டாயிற்று. மூன்றாயிற்று. தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் காப்பாளர் வாசலுக்கு ஓடினார். மூன்றரை மணிக்கு நர்சம்மா கைப்பையை எடுத்தார்.

"நெட்டை வீட்டுக்குப் போய் மருந்துப் பெட்டியைக் குடுத்துட்டு வந்துடறேன். நான் போகலேன்னாலும் அவங்களுக்கு வேணுமே."

"போயிட்டு வா. வந்தா நான் வாங்கி வைக்கிறேன்."

சொல்லி வாய் மூடவில்லை என்பார்களே, அப்படி, அவர் போன பத்தாம் நிமிடம் கூரியர்காரர் வந்து நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே உறையை எடுத்துப் பெயரைப் படித்தார்.

"அம்மா இருக்காங்களா?"

"இல்ல. என்கிட்டக் குடுங்க. நான் அவங்க கணவர்."

"ரொம்ப சந்தோஷம் சார். அம்மாவைக் கூப்பிடுங்க."

"தம்பி, முப்பத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுக்கு வர்ற எல்லாத்தையும் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குறேன்."

"இதை வாங்க முடியாது சார். அவசரப் பாஸ்போர்ட்டுன்னா உரியவர் கையெழுத்து, அடையாள அட்டை வேணும். கவர்லயே போட்டிருக்கு, பாருங்க."

போட்டிருந்தது. காப்பாளருக்குப் படிக்கத் தெரியும். கைப்பேசியை எடுத்து மனைவியை அழைத்தார். மணி அடுக்களையில் ஒலித்தது. நர்சம்மா அதை மின்னேற்றத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார். கூரியர்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள மிச்சத்தை ஆபீஸ்ல ஒப்படைக்கணும் சார். திங்கட்கிழமை வர்றேன்."

காப்பாளர் வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அறுபத்தேழு வயதில் அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. கப்பலைச் சொன்னார், நெட்டையைச் சொன்னார், சன்னல் இல்லாத அறுவை அரங்கைச் சொன்னார், கடைசியில், யாரும் கேட்காமலே, துளையையும் சொன்னார். கூரியர்காரர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"பாஸ்போர்ட்லயா? பஞ்ச்சா?"

"ரெண்டு."

"ஏறுங்க சார் பின்னால. நான் போற வழியிலதான் அந்தத் தெரு."

இப்படியாக, காப்பாளர் செருப்பு ஒன்று வாசலிலேயே கிடக்க, பொதிப் பைக்கும் வண்டியின் பின்கம்பிக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு நான்கு தெருக்கள் போனார். மனைவியின் கடவுச்சீட்டு அவருடைய மூக்குக்கு அரை அடி முன்னால், பைக்குள் இருந்தது. தொடும் உரிமை அவருக்கு இல்லை. நெட்டையின் வீட்டு வாசலில் வண்டி நிற்குமுன்பே குதித்து, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கூவினார்.

நர்சம்மா வெளியே வந்தார். அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்திட்டு, உறையைப் பிரித்தார். ஊசியும் நெட்டையும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு காதும் இருக்குடி!" என்றார் ஊசி.

நர்சம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய சீட்டின் மணம் காற்றில் வந்தது. காப்பாளரின் கை அவரை அறியாமல் நீண்டது.

"குடு, பத்திரமா வைக்கிறேன்."

நர்சம்மா அந்தக் கையைப் பார்த்தார். சீட்டைத் தம் கைப்பைக்குள் வைத்துப் ஜிப்பை இழுத்து மூடினார். "எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்றார். கோபமில்லை. 'சாப்பிட்டாச்சு' என்பதைப்போலத்தான் சொன்னார். நீட்டிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று காப்பாளருக்குத்தான் தெரியவில்லை.

சனிக்கிழமை நண்பகலுக்கு முன்பே துறைமுகத்தில் இருந்தார்கள். தடுப்புக் கம்பிக்கு இப்பால் வழியனுப்ப வந்தவர்கள், அப்பால் பயணிகள். கப்பல், நிமிர்த்தி வைத்த ஒரு தெருவைப்போல மாடி மாடியாய் உயர்ந்து நின்றது. சோதனை மேசையில் இருந்த அதிகாரி சீட்டை வாங்கிப் புரட்டினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். காப்பாளர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஐந்து நாள்களும் அந்தக் கணத்தில் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. அதிகாரி முத்திரை குத்தினார். நர்சம்மா தம் கையால் வாங்கி, தம் பையில் வைத்து, படிகளில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. ஊசிதான் பாதிப்படியில் திரும்பி, தம் இடக்காதைப் பிடித்து இழுத்துக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே மறைந்தார்.

வீடு வெறிச்சோடித்தான் இருந்தது. தேநீர் போடப் போனவர் சர்க்கரை எங்கிருக்கிறது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு, உட்கார மனமில்லாமல் அலமாரியைத் திறந்தார். 'இல்லத்தாள்' கோப்பை எடுத்துப் பிரித்தார். அவர் அதை முதல் தாளிலிருந்து புரட்டிப் பார்த்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. செவிலியர் பட்டயம்: முத்திரைமேல் ஒரு துளை. செவிலியர் மன்றப் பதிவுச் சான்று: பதிவெண்ணின் ஓரத்தில் ஒரு துளை. முப்பதாண்டுப் பணிக்காக மருத்துவமனை தந்த பாராட்டுப் பத்திரம்: துளை. அரங்கத்தின் வாசலில் நால்வரும் முகமூடியைக் கழற்றிக்கொண்டு நிற்கும் நிழற்படம், அதையுமா? அதையுந்தான். அந்தப் பெண்மணி வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்தவை அத்தனையும் ஒரே டேக்கில் தொங்கின. அவற்றுள் ஒன்றைக்கூட அவர் தம் விருப்பப்படி எடுத்துப் பார்த்ததாகக் காப்பாளருக்கு நினைவில்லை. சாவி எப்போதும் இவருடைய இடுப்பில் அல்லவா இருந்தது?

டேக்கின் உலோக முனையைத் துளையிலிருந்து உருவினார். ஒவ்வொரு தாளாகக் கழற்றி, மனைவியின் துணி அலமாரியில், மேல்தட்டில், புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். எண் எழுதவில்லை. வரிசைகூடப் பார்க்கவில்லை. பூட்டாமல் கதவைச் சாத்திவிட்டு, மறுபடி இழுத்துப் பார்க்கப் போன கையைப் பாதியில் நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை வரை அந்தக் கதவைத் தொடுவதில்லை என்பதுதான் இப்போது அவருக்கு இருக்கும் ஒரே வேலை. அது எளிய வேலை அன்று.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஐயா, உங்கள் வீட்டிலும் ஓர் இரும்பு அலமாரி உண்டு. சாவி யாருடைய இடுப்பில் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். 'எங்கள் வீட்டில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது' என்று சப்பைக்கட்டுக் கட்டாதீர்கள். பத்திரமாகத்தான் இருந்தது அந்தக் கடவுச்சீட்டும். பயணச்சீட்டு வாங்கும் நாள்வரை காத்திராமல் இப்போதே எழுந்திருங்கள். அலமாரியைத் திறந்து, ஒவ்வோர் ஆவணத்தையும் அதில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, சாவியையும் கொடுங்கள்.